வைரஸ் தன் டிஎன்ஏவை ஓட்டுக்குள் எப்படி அடைக்கிறது?

பாடப்புத்தகங்களில் வைரஸ் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுற்றிலும் ஒரு புரத ஓடு, நடுவில் நெளிநெளியாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் டிஎன்ஏ. படத்தைப் பார்த்தால் உள்ளே தாராளமாக இடம் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பல வைரஸ்களின் ஓட்டுக்குள் இடமே இருக்காது. டிஎன்ஏ இழை சுற்றுக்குமேல் சுற்றாக, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே அரை நானோமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு, நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

இன்னொரு விஷயமும் அந்தப் படத்தில் தெரியாது. டிஎன்ஏ முதலில் உருவாகி, அதைச் சுற்றி ஓடு மூடிக்கொள்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வைரஸ்களில் நடப்பது நேர் எதிர். வெற்று ஓடு முதலில் தயாராகிவிடுகிறது. அதன் ஒரு முனையில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளை வழியாக டிஎன்ஏவை உள்ளே தள்ளித் திணிக்க ஒரு மோட்டார் இருக்கிறது. பேச்சுக்காக மோட்டார் என்று சொல்லவில்லை. எரிபொருளைச் செலவழித்து, எதிர்விசையை மீறி, படிப்படியாக வேலை செய்கிற புரத எந்திரம் அது. உயிரணுக்களுக்குள் இருக்கும் மூலக்கூறு மோட்டார்களில் மிகுந்த வலிமை கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

எல்லா வைரஸ்களும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகையிலை மொசைக் வைரஸின் ஆர்என்ஏவையும் ஓட்டுப் புரதத்தையும் தனித்தனியாகப் பிரித்து, திரும்பக் கலந்து வைத்தாலே போதும், அவை தாமாகச் சேர்ந்து நோயை உண்டாக்கக்கூடிய வைரஸாகிவிடும் என்று 1955-இல் ஃப்ரெங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் காட்டினார்கள். அங்கே மோட்டாருக்கு வேலையே இல்லை. ஒற்றை இழை ஆர்என்ஏ எளிதில் வளையும். புரதங்கள் அதன்மேல் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். எஸ்வி40 என்ற குட்டி டிஎன்ஏ வைரஸ் வேறொரு வழியைப் பிடித்திருக்கிறது. நம் உயிரணுக்கள் டிஎன்ஏவைச் சுற்றிவைக்கப் பயன்படுத்தும் ஹிஸ்டோன் புரதங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் தன் டிஎன்ஏவைச் சுற்றிவிடுகிறது. நீளமான இரட்டை இழை டிஎன்ஏவைக் கொண்ட ஃபேஜ்களும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களும்தான் மோட்டாரை நம்பியிருப்பவை. ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஃபை29. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் இது. அதை வைத்தே மற்றதைப் பார்ப்போம்.

ஃபை29-இன் ஓடு உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் நீண்டிருக்கும். நீளம் 54 நானோமீட்டர், அகலம் 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அதற்குள் போகவேண்டிய டிஎன்ஏவின் நீளமோ ஏறத்தாழ 6,600 நானோமீட்டர். இழையின் தடிமன் 2 நானோமீட்டர். எல்லாவற்றையும் 50 லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கணக்கு கைக்குள் வந்துவிடும். ஓடு 27 சென்டிமீட்டர் நீளமுள்ள, மட்டை உரிக்காத ஒரு தேங்காய் அளவு ஆகிறது. டிஎன்ஏ, ஒரு சென்டிமீட்டர் தடிமனும் 33 மீட்டர் நீளமும் கொண்ட கிணற்றுக் கயிறு. தேங்காயின் ஒரு முனையில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓட்டை. அந்த ஓட்டை வழியாக முழுக் கயிறும் உள்ளே போக வேண்டும். சிக்கல் விழாமல் திரும்ப வெளியே வரவும் வேண்டும். உள்ளிடத்தில் ஏறத்தாழ பாதியைக் கயிறே அடைத்துக்கொள்ளும்.

கயிறாவது இழுத்த இழுப்புக்கு வரும். டிஎன்ஏ அப்படி வராது. இரட்டை இழை டிஎன்ஏ விறைப்பானது. 50 நானோமீட்டர் நீளம் வரைக்கும் கிட்டத்தட்ட நேராக நிற்கவே பார்க்கும். ஓட்டின் அகலமே 42 நானோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உள்ளே போகும் ஒவ்வொரு சுற்றையும் வலிந்து வளைத்தாக வேண்டும். அதோடு டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க பாஸ்பேட்டுகள், ஒவ்வொன்றிலும் எதிர்மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளியில் படித்ததுதான். சுற்றுகள் நெருங்க நெருங்க அந்தத் தள்ளுவிசை ஏறிக்கொண்டே போகும். மெக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் நடுவே புகுந்து இதைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் முழுக்க அல்ல. ஆக, டிஎன்ஏ தானாக ஓட்டுக்குள் போகாது. யாராவது தள்ளினால்தான் உண்டு.

முதலில் ஓடு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். வைரஸின் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. ஃபை29-க்கு 19,285 கார இணைகள்தான். டிஎன்ஏ ஏணியின் ஒரு படி ஒரு கார இணை. இவ்வளவு குறைந்த குறிப்பை வைத்துக்கொண்டு பெரிய ஓட்டுக்குத் தனித்தனிப் பாகங்களை எழுதிவைக்க முடியாது. ஆகவே ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான் ஓடு கட்டியாக வேண்டும் என்று 1956-இலேயே கிரிக்கும் வாட்சனும் எழுதினார்கள். ஃபை29 அப்படித்தான் செய்கிறது. அதன் ஓட்டில் ஒரே புரதத்தின் 235 பிரதிகள் இருக்கின்றன. அவை அறுவர் அறுவராகச் சேர்ந்த 30 தொகுப்புகள், ஐவர் ஐவராகச் சேர்ந்த 11 தொகுப்புகள். 30 பெருக்கல் 6, அதோடு 11 பெருக்கல் 5 — கூட்டினால் 235 வரும். இந்த வடிவத்துக்கு மொத்தம் 12 முனைகள். 11 முனைகளில்தான் ஐவர் தொகுப்பு. அப்போது பன்னிரண்டாவது முனை?

அங்கேதான் வாசல். அந்த முனையில் மட்டும் வேறொரு புரதத்தின் 12 பிரதிகள் வட்டமாக நின்று, நடுவில் துளையுள்ள வளையமாகின்றன. இதை நுழைவாய் வளையம் எனலாம். துளையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 3.6 நானோமீட்டர். 2 நானோமீட்டர் தடிமனுள்ள டிஎன்ஏ தாராளமாகவும் இல்லாமல் சிக்கிக்கொள்ளாமலும் போக அது போதும். ஓடு கட்டப்படும்போது உள்ளே சாரப் புரதங்கள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல நின்று, மற்ற புரதங்கள் சரியான வளைவில் சேர உதவுகின்றன. வேலை முடிந்ததும் அவை வெளியேறி டிஎன்ஏவுக்கு இடம் விடுகின்றன. சால்மொனெல்லாவைத் தாக்கும் பி22 ஃபேஜில் இந்தச் சாரப் புரதங்கள் சிதையாமல் முழுசாக வெளியே வந்து, அடுத்த ஓட்டைக் கட்டப் போய்விடுகின்றன. ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 300 சாரப் புரதங்கள் தேவை என்பதால் இந்தச் சிக்கனம் வைரஸுக்குப் பெரிய லாபம்.

சரி, வெற்று ஓடு தயார். இப்போது மோட்டார் வந்து நுழைவாயில் பொருந்த வேண்டும். ஃபை29-இல் அதற்கு இரண்டு பாகங்கள். முதலாவது, வைரஸே தயாரிக்கும் ஓர் ஆர்என்ஏ வளையம். 1987-இல் குவோ, எரிக்சன், ஆண்டர்சன் மூவரும் இதைக் கண்டுபிடித்தபோது, வெறும் 174 எழுத்துகள் கொண்ட இந்த ஆர்என்ஏ எந்தப் புரதத்துக்கும் குறிப்பு ஆகாமல், எந்திரத்தின் ஓர் உறுப்பாகவே நிற்பது வியப்பாக இருந்தது. இரண்டாவது பாகம்தான் உண்மையில் தள்ளுவது. ஏடிபியை உடைத்து அதிலிருந்து ஆற்றலை எடுக்கும் ஐந்து புரதங்கள் கொண்ட வளையம் அது. ஏடிபி என்பது உயிரணுவின் எரிபொருள். வைரஸுக்குச் சொந்தமாக ஏடிபி கிடையாது. பாக்டீரியாவிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். டிஎன்ஏ முழுவதையும் அடைத்து முடிக்க ஏறத்தாழ 10,000 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன.

இவ்வளவு சின்ன எந்திரத்தின் வலிமையை எப்படி அளப்பது? 2001-இல் டக்ளஸ் ஸ்மித், கார்லோஸ் புஸ்டமான்டே, டுவைட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழு இதைச் செய்து காட்டியது. எனக்குத் தெரிந்த அழகான சோதனைகளில் இதுவும் ஒன்று, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி வேலையில் நிறுத்திவைத்த ஒரு ஃபை29 ஓட்டை ஒரு மணியில் ஒட்டினார்கள். ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவின் நுனியை மற்ற மணியில் ஒட்டினார்கள். ஒரு மணியை மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையில் உறிஞ்சிப் பிடித்து, மற்றதை லேசர் ஒளிக்கற்றையின் குவியத்தில் பிடித்துவைத்தார்கள். குவிந்த லேசர் ஒளிக்கு நுண்மணிகளைத் தன் நடுவிலேயே இருத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு. இதை ஒளி இடுக்கி என்பார்கள். மணி நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பார்த்தே அதை இழுக்கும் விசையைக் கணக்கிட்டுவிடலாம். இப்போது ஏடிபியைச் சேர்த்தார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியது. வெளியே இருந்த டிஎன்ஏ கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுக்குள் போகப் போக, இரண்டு மணிகளும் நெருங்கிவந்தன. ஒற்றை வைரஸ் ஒன்று தன் டிஎன்ஏவை அடைப்பதை அந்த நிமிடத்திலேயே அளந்துகொண்டிருந்தார்கள்.

தொடக்கத்தில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 கார இணைகள். பாதி டிஎன்ஏ உள்ளே போனபிறகு வேகம் குறையத் தொடங்கி, கடைசியில் மிகவும் மந்தமாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் டிஎன்ஏ எதிர்த்துத் தள்ளுகிறது அல்லவா. மொத்த வேலைக்கும் ஐந்தரை நிமிடம் போல ஆகிறது. டிஎன்ஏவை எதிர்ப்பக்கம் இழுத்து மோட்டாரை நிறுத்திப் பார்த்தபோது, சராசரியாக 57 பைக்கோநியூட்டன் விசை தேவைப்பட்டது. ஒரு நியூட்டனை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பைக்கோநியூட்டன். எண் சின்னதாகத் தெரிந்தாலும், நம் தசைகளைச் சுருக்கும் மயோசின் மூலக்கூறு ஒன்று தருவது சில பைக்கோநியூட்டன்தான். இந்த விசையை வைத்துக் கணக்கிட்டால், நிரம்பிய ஓட்டுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 60 வளிமண்டலம் வருகிறது. கடலுக்கடியில் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு புரதச் சுவர் இவ்வளவையும் வெடிக்காமல் தாங்குகிறது.

மோட்டார் எப்படித் தள்ளுகிறது என்பதில் நெடுநாள் ஒரு கருத்து செல்வாக்கோடு இருந்தது. நுழைவாய் வளையத்தில் 12 புரதங்கள், அது உட்கார்ந்திருக்கும் ஓட்டு முனையோ ஐந்து பக்கச் சமச்சீர் உடையது. 12-க்கும் 5-க்கும் ஒத்துவராது, ஆக இரண்டும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளாமல் எளிதில் சுழலும் என்று 1978-இல் ரோஜர் ஹென்றிக்ஸ் சொன்னார். நுழைவாய் சுழல்கிறது, சுழலும்போது டிஎன்ஏவின் திருகுப் பள்ளத்தைப் பிடித்து உள்ளே செலுத்துகிறது என்பது அவர் கருத்து. 2000-இல் ஃபை29 நுழைவாயின் வடிவம் அணு அணுவாகத் தெரியவந்தபோதும் இந்தக் கருத்துக்கு ஆதரவு கூடியது. நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கும் விளக்கம். ஆனால் 2007-இல் ஒரு குழு, நுழைவாய் வளையத்தில் ஒளிரும் சாய மூலக்கூறு ஒன்றை ஒட்டி, அடைப்பு நடக்கும்போதே அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனித்தது. வளையம் சுழன்றால் சாயத்தின் திசையும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறவில்லை. டிஎன்ஏ உள்ளே போய்க்கொண்டிருந்தது, வளையம் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்படியானால் தள்ளுவது, ஏடிபியை உடைக்கும் அந்த ஐந்து புரதங்களே. 2009-இல் ஒளி இடுக்கியை இன்னும் நுட்பமாக்கிப் பார்த்தபோது அவற்றின் தாளம் தெரிந்தது. மோட்டார் சீராக ஓடுவதில்லை. முதலில் ஒரு நிறுத்தம். அந்த நேரத்தில் புரதங்கள் ஒவ்வொன்றாக ஏடிபியை ஏற்றிக்கொள்கின்றன. அப்புறம் ஒரு பாய்ச்சல்; டிஎன்ஏ 10 கார இணைகள் உள்ளே போகிறது. டிஎன்ஏ ஒரு முழுத் திருகு திருகுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தப் பாய்ச்சலும் ஒரே தாவல் இல்லை. இரண்டரை கார இணைகள் வீதம் நான்கு அடிகள்.

புரதம் ஐந்து, அடி நான்கு. ஐந்தாவது என்ன செய்கிறது? மூன்று ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. ஐந்தும் ஏடிபியை ஏற்றுகின்றன, ஐந்தும் உடைக்கின்றன. ஆனால் ஒன்று மட்டும் தள்ளும் வேலையைச் செய்யாமல், சுற்று எப்போது தொடங்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துகிறது. அச்சு அசலாக ஒரே மாதிரியான ஐந்து புரதங்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்பது என்னைப் பல நாள் யோசிக்க வைத்த முடிவு.

ஃபை29 வேகத்தில் பெரிய ஆள் இல்லை. ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜின் மோட்டார் சராசரியாக நொடிக்கு 700 கார இணைகள், சில நேரம் 2,000 வரைக்கும் தள்ளும். அது அடைக்க வேண்டியதும் அதிகம்: ஏறத்தாழ 1,71,000 கார இணைகள்.

பாக்டீரியாவின் உள்ளே பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவும் இருக்கிறது. தன்னுடையது எது என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? ஃபை29-இன் டிஎன்ஏவுக்கு இரு முனைகளிலும் ஒரு புரதம் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். மோட்டார் அதைத்தான் அடையாளம் காண்கிறது. மற்ற பல ஃபேஜ்களில் டிஎன்ஏ பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட சங்கிலியாகத் தயாராகின்றன. லாம்டா ஃபேஜின் மோட்டார், பிரதிக்குப் பிரதி வரும் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி அங்கே வெட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் சரியாக ஒரு பிரதி, 48,502 கார இணைகள். பி22-வும் டி4-உம் வெட்டுமிடத்தை எழுத்து பார்த்து முடிவுசெய்வதில்லை. ஓடு நிரம்பும்வரை தள்ளிவிட்டு, நிரம்பியதும் வெட்டிவிடும். ஒரு பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே போய்விடும்.

இந்த முறையில் ஒரு தவறு நேர வாய்ப்புண்டு. தொடக்கத்தில் அடையாளம் பிசகி, பாக்டீரியாவின் டிஎன்ஏவையே பிடித்துவிட்டால், மோட்டார் அதையும் ஓடு நிரம்பும்வரை அடைத்துவிடும். அந்த வைரஸ் அடுத்த பாக்டீரியாவுக்குள் செலுத்துவது வைரஸின் மரபணுக்களை அல்ல, பழைய பாக்டீரியாவின் மரபணுக்களை. இப்படி மரபணுக்கள் கைமாறுவதை 1952-இல் ஜிண்டரும் லெடர்பெர்க்கும் பி22-ஐ வைத்துத்தான் கண்டறிந்தார்கள். பாக்டீரியாக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று புதுப் பண்புகளைப் பெறும் வழிகளில் இதுவும் ஒன்று. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள்கூட இந்த வழியில் போகக்கூடும்.

ஓடு நிரம்பியதும் மோட்டார் கழன்றுவிடுகிறது. ஏடிபியை உடைக்கும் வளையமும் ஆர்என்ஏ வளையமும் விழுந்து, அதே இடத்தில் வால் வந்து பொருந்துகிறது. அப்புறம் அது முழு வைரஸ்.

இத்தனை சிரமப்பட்டு, இவ்வளவு ஏடிபியைச் செலவழித்து, அழுத்தம் ஏறும் அளவுக்கு ஏன் திணிக்க வேண்டும்? கொஞ்சம் பெரிய ஓடாகக் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். செலவழித்த ஆற்றலில் ஒரு பகுதி உள்ளே அழுத்தமாகத் தங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வைரஸ் அடுத்த பாக்டீரியாவின்மேல் ஒட்டி வாசல் திறந்ததும், அந்த அழுத்தம் டிஎன்ஏவை வெளியே தள்ளித் தருகிறது. அப்போது புதிதாக எரிபொருள் தேட வேண்டியதில்லை. 2003-இல் எவிலெவிச், கெல்பார்ட் முதலியோர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். லாம்டா ஃபேஜுக்கு, அது வழக்கமாக ஒட்டும் பாக்டீரியாப் புரதத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால், பாக்டீரியாவே இல்லாமல் டிஎன்ஏவைக் கரைசலில் கக்கிவிடும். கரைசலில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற கரையும் பொருளைச் சேர்த்து வெளியே சவ்வூடு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வெளியே வரும் டிஎன்ஏ குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 20 வளிமண்டலத்தில் நின்றேபோனது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிவிட்டது.

இதையே முழுக் கதையாகவும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பாக்டீரியாவின் உள்ளேயும் அழுத்தம் இருக்கிறது, அதோடு டிஎன்ஏ வெளியேற வெளியேற ஓட்டுக்குள் அழுத்தம் குறைந்துவிடும். ஃபை29-இல் அழுத்தம் தள்ளித் தருவது டிஎன்ஏவில் ஏறத்தாழ 65 சதவீதத்தைத்தான். மீதியை, ஏற்கெனவே உள்ளே போன டிஎன்ஏவிலிருந்து உருவாகும் ஒரு வைரஸ் புரதத்தின் உதவியோடு பாக்டீரியாவுக்குள்ளிருந்து இழுத்தாக வேண்டும்.

இதெல்லாம் பாக்டீரியாவின் பிரச்சினை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. வாயோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், பச்சிளங்குழந்தைகளுக்கும் உறுப்புமாற்று நோயாளிகளுக்கும் ஆபத்தான சைட்டோமெகலோவைரஸ் இரண்டும் இதே முறையில்தான் டிஎன்ஏவை அடைக்கின்றன. நம் உயிரணுவின் உட்கருவுக்குள் சாரப் புரதங்களோடு ஓடு, பன்னிரண்டு புரத நுழைவாய், ஏடிபி மோட்டார், நீண்ட சங்கிலியை வெட்டும் கத்தரி — எல்லாம் அங்கேயும் உண்டு. ஓட்டுப் புரதத்தின் மடிப்புகூட ஃபேஜ்களில் காணும் அதே மடிப்பு. பாக்டீரியா வைரஸ்களும் நம்மைத் தாக்கும் இந்த வைரஸ்களும் பழைய மூதாதை ஒன்றைப் பகிர்ந்துகொள்பவை என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவே வலுவான காரணம்.

இங்கேதான் மருத்துவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஹெர்பிஸ் குடும்பத்துக்கான பழைய மருந்துகள் பெரும்பாலும் வைரஸ் தன் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதியைக் குறிவைப்பவை. நம் உயிரணுக்களும் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கின்றன, அதனால் அங்கே கொஞ்சம் கவனமாகவே நடக்க வேண்டும். சைட்டோமெகலோவைரஸுக்குத் தரும் கான்சைக்ளோவிர் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் டிஎன்ஏவை ஓட்டுக்குள் திணிக்கும் மோட்டார் நம் உடலில் எங்கும் இல்லை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர் என்ற மருந்து, சைட்டோமெகலோவைரஸின் இந்த மோட்டாரைத்தான் தடுக்கிறது. மருந்து உள்ள உயிரணுவில் வைரஸ் டிஎன்ஏ வழக்கம்போல உருவாகிறது, ஓடுகளும் உருவாகின்றன. சங்கிலி மட்டும் வெட்டப்படாமல், ஓட்டுக்குள் போகாமல் அப்படியே கிடக்கிறது. தொற்றைப் பரப்பக்கூடிய வைரஸ் உருவாவதில்லை. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட நோயாளிகளுக்குத் தொற்று தலைதூக்காமல் இருக்க முன்கூட்டியே இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள்.